கணினிக்கும் வேண்டும் விதைநெல்

நம் இல்லங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டிலோ தையல் இயந்திரத்தின் மீதோ, பழைய துண்டு ஒன்றால் போர்த்தப்பட்ட மடிக்கணினி ஒன்று இருக்கக் காண்கிறோம். மூத்த மகனோ மகளோ பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றபோது அரசு வழங்கியது அது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்றோருக்கு, எல்காட் நிறுவனத்தின் வழியாக மடிக்கணினிகள் வாங்கி வழங்கப்பட்டன. துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளும் அவற்றைப் பெற்றனர். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும், வீட்டினுள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுவேயான குடும்பங்கள் பல.

பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குச் சென்றான். கணினி வீட்டிலேயே தங்கிற்று. நாளடைவில் அது குடும்பத்தின் இரும்புப் பெட்டியாக மாறியது. தங்கையின் திருமண நிழற்படங்கள், தந்தையின் ஓய்வூதியத் தாள்கள், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பேரப்பிள்ளையின் படங்கள், பெரிய வெள்ளியன்று பாட்டி வியாகுலப் பிரசங்கம் வாசித்த குரல். யாவும் அதற்குள் சேர்ந்தன. இவற்றுக்கு வேறு படி உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் நாள் வந்தபோது கணினி எழ மறுத்திருக்கும்.

ஏன் எழ மறுக்கிறது? காரணங்கள் பல. அவற்றுள் நம் ஊர்ப்புறங்களுக்கு மிகவும் நெருங்கியது மின்வெட்டு. 2012-ஆம் ஆண்டில் மதுரையும் சுற்றுப்புறச் சிற்றூர்களும் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. மடிக்கணினிக்குத்தான் பாட்டரி உண்டே என்பீர்கள். உண்மை. ஆனால் நான்கைந்து ஆண்டுகளில் அந்தப் பாட்டரி சக்தியற்றுப் போகிறது. அதன்பின் மின்சாரம் நின்ற கணமே கணினியும் நிற்கும். அவ்வேளையில் அது தன் உள்கோப்புகளைப் புதுப்பித்துக் கொண்டிருந்தால், பாதி எழுதிய ஏட்டைப் போல அவை சிதைந்துவிடும். மறுநாள் திரையில் கருநிறமோ நீலநிறமோ தோன்றும். அதற்கு மேல் எதுவும் வராது.

உடனே கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். அங்கே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வளவுதான்:

"அக்கா, ஓ.எஸ். போயிருச்சு. பார்மட் பண்ணி புதுசாப் போட்டுரலாமா?"

"போடுங்க தம்பி. சரியானாப் போதும்."

மாலையில் கணினி பளிச்சென்று எழுகிறது. புதிய திரை, புதிய வேகம். ஆனால் உள்ளே ஒரு படமும் இல்லை, ஒரு தாளும் இல்லை, பாட்டியின் குரலும் இல்லை. கடைத்தம்பி ஏமாற்றவில்லை; அனுமதி கேட்டே செய்தார். அக்காவும் தெரிந்தேதான் தலையசைத்தார். ஆனால் அந்த ஒரு சொல்லின் பொருள் அவருக்கு எவராலும் விளக்கப்படவில்லை.

பார்மட் என்பது என்ன?

கணினிக்குள் இருவகைப் பொருள்கள் உள்ளன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று இயங்குதளம், அதாவது விண்டோஸ், லினக்ஸ் முதலியன. கணினியை எழுப்புவதும், விசைப்பலகையையும் திரையையும் ஒன்றோடொன்று பேச வைப்பதும் அதன் பணி. மற்றொன்று நாம் சேர்த்து வைத்தவை. முன்னது உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. கெட்டுப்போனால் வேறொரு படி எளிதில் கிடைக்கும். பின்னதோ இந்த உலகில் ஒன்றே ஒன்று. பார்மட் செய்வது என்பது, வன்தட்டின் ஒரு பகுதியை வெற்றுப் பலகையாக்கிப் புதிதாக எழுதத் தொடங்குவது. எளிதில் கிடைப்பதை நிறுவும் பொருட்டு, கிடைக்காததை அழித்துவிடுகிறோம் என்பதே இங்கு நேரும் துன்பம்.

கடைகளில் வன்தட்டைப் பெரும்பாலும் சி என்றும் டி என்றும் இரு பகுதிகளாகப் பிரித்துத் தருவார்கள். இயங்குதளம் சி பகுதியில் அமரும். சி பகுதியை மட்டும் பார்மட் செய்தால் டி பகுதியில் உள்ளவை அப்படியே இருக்கும். "அப்படியானால் எங்கள் படங்களுக்கு ஆபத்தில்லையே" என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கணினியைத் திறந்தவுடன் தோன்றும் டெஸ்க்டாப்பில் நாம் வைக்கும் ஒவ்வொன்றும், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்னும் உறைகளில் சேர்பவையும், சி பகுதிக்குள்ளேதான் கிடக்கின்றன. கண்ணெதிரே இருப்பதால் பத்திரமாக இருப்பதாக நாம் கருதும் இடமே முதலில் அழியும் இடம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணினி எழவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளன்று. வாசற்கதவின் பூட்டு கெட்டுவிட்டது. வீட்டிற்குள் பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழகிய பழுதுபார்ப்பவர், பென் டிரைவில் உள்ள லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்புவார். அந்த லினக்ஸ் வன்தட்டில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே ஓடும். அதன் வழியாக உள்ளே நுழைந்து, நம் கோப்புகளை வேறொரு ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்துக் கொண்டு, அதன்பின் பார்மட் செய்யலாம். ஓரிரு மணி நேரம் கூடுதலாகும். கூலியும் சற்றுக் கூடும். "முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்துக் காட்டுங்கள் தம்பி, அதன்பிறகு பார்மட் செய்யலாம்" என்று கடையில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். வன்தட்டிலிருந்து டக் டக்கென ஒலி கேட்குமானால் மட்டும் செய்தி வேறு. அது பூட்டுப் பழுதன்று, சுவர்ப் பழுது. அப்போது கணினியை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதே கேடு. அணைத்துவிட்டு, தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டு செல்வதே தக்கது.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் "ரீசெட்" என்றொரு வசதியும் உண்டு. அதில் "கீப் மை ஃபைல்ஸ்" என்பதைத் தேர்ந்தால் நம் கோப்புகளை விட்டுவைத்து இயங்குதளத்தை மட்டும் புதிதாக்கும். நாமாகச் சேர்த்த மென்பொருள்கள் நீங்கிவிடும். நல்ல வசதிதான். எனினும் படியெடுக்காமல் அதை நம்பி இறங்குவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். நடுவில் மின்சாரம் நிற்காது என்று யார் உறுதி கூறுவார்?

உடல்நலத்தோடு இருக்கும்போதே

வைகைப் பாசன நிலத்தில் நம் பாட்டனார் காலத்து உழவர்கள், களத்தில் குவிந்த நெல் முழுவதையும் உணவுக்கு ஒதுக்கிவிடவில்லை. நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, வைக்கோல் பிரியால் இறுகச் சுற்றி, விதைக்கோட்டையாகக் கட்டி வைத்தனர். வீட்டில் பசி வந்தாலும் அதன்மேல் கை வைப்பதில்லை. கணினிக்கும் அத்தகைய விதைக்கோட்டை ஒன்று உண்டு. அதுவே மீட்பு பென் டிரைவ். விதைநெல்லை விளைச்சலின்போதுதான் எடுத்து வைக்க முடியும். பஞ்சத்தில் எடுக்க முடியாது. மீட்பு பென் டிரைவையும் கணினி நன்றாக ஓடும் நாளில்தான் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

"எங்கள் கணினியிலேயே மீட்பு வசதி இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். தயாரிப்பு நிறுவனங்கள் பல, வன்தட்டின் ஒரு மூலையில் மறைவான பகுதி ஒன்றில் இயங்குதளத்தின் படியை வைத்தே அனுப்புகின்றன. ஏசர் கணினிகள் பலவற்றில் ஆல்ட் விசையையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்தினாலும், எச்.பி.யில் எஃப்11-ஐ அழுத்தினாலும், அது விழித்தெழும். ஆனால் வன்தட்டே பழுதானால்? அல்லது பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டினால்? அல்லது கடையில் வன்தட்டு முழுவதையும் ஒரே பகுதியாக அழித்துப் பிரித்தால்? வீட்டோடு சேர்ந்து வீட்டுச் சாவியும் எரிந்த கதைதான்.

ஆகவே தனியே ஒரு பென் டிரைவ் வேண்டும். விண்டோஸில் "ரெக்கவரி டிரைவ்" என்று தேடினால் அதை ஆக்கும் கருவி கிட்டும். இயங்குதளக் கோப்புகளையும் சேர்த்து வைக்க 16 ஜி.பி. அளவாவது வேண்டும். கணினி முன்னமே எழாமற் போய்விட்டதென்றால், உறவினர் வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து "மீடியா கிரியேஷன் டூல்" என்பதை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவில் நிறுவல் ஊடகத்தை ஆக்கிக்கொள்ளலாம். லினக்ஸ் என்றால் ஒரே பெரிய கோப்பாகக் கிடைக்கும். அதை வெறுமனே பென் டிரைவில் இழுத்துப் போட்டால் கணினி எழாது. ரூஃபஸ் போன்றதொரு மென்பொருளைக் கொண்டே எழுத வேண்டும். இவற்றுள் எதைச் செய்தாலும் அந்தப் பென் டிரைவில் முன்பிருந்த அனைத்தும் அழிந்துபோம். திருமணப் படங்கள் உள்ள பென் டிரைவையே இதற்கு எடுத்துவிடாதீர்கள்.

ஆக்கியபின் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று. கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, போடும்போதே எஃப்12 (எச்.பி.யில் எஃப்9) விசையைத் தட்டினால், எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்து, முதல் திரை வரும்வரை பார்த்துவிட்டு, எதையும் நிறுவாமல் அணைத்துவிடலாம். பிறகு அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, எந்தக் கணினிக்குரியது, எந்த நாளில் ஆக்கியது என்று எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை செருகிப் பார்ப்பதும் வேண்டும். பென் டிரைவ் என்பது கல்வெட்டன்று.

இனி, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பின், அவ்வியங்குதளத்தோடே விற்கப்பட்ட கணினிகளில், உரிமக் குறியீடு தாய்ப்பலகைக்குள்ளேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் நிறுவ மறுபடியும் பணம் கட்டத் தேவையில்லை. விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் அக்குறியீடு அடிப்புறத்துச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். மடியின் சூட்டிலும் வியர்வையிலும் அது தேய்ந்து அழிவதற்கு முன் படித்து எழுதிக்கொள்வது நலம். உரிமம் இருந்தும் அதை அறியாமல், "கிராக்" செய்த விண்டோஸைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே மலிந்துள்ளது. பிறர் பொருள் என்பது ஒருபுறமிருக்க, அத்தகைய கருவிகளோடு சேர்ந்தே கிருமிகளும் வீட்டுக்குள் வருகின்றன.

புதிய கணினி வைத்திருப்போர் கட்டாயம் கவனிக்க வேண்டியது பிட்லாக்கர். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நாம் நுழைந்தவுடன், வன்தட்டு முழுவதையும் தாமாகவே பூட்டி வைக்கின்றன. திருடன் கையில் சிக்கினால் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் கணினி பழுதாகி நாமே உள்ளே நுழைய வேண்டியிருந்தாலும் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியீட்டைக் கேட்கும். முன்பு சொன்ன லினக்ஸ் பென் டிரைவும் அக்குறியீடு இன்றி உள்ளிருப்பதைப் படிக்க இயலாது. அக்குறியீடு அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கைத் திறந்தது யார்? கடைத்தம்பியா, வெளியூர் சென்றுவிட்ட மருமகனா? இன்றே கேட்டறிந்து, தாளில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள்.

பழைய கணினியை என் செய்வது?

திட்டக் கணினிகளின் வரலாற்றில் ஒரு செய்தி மறக்கப்பட்டுவிட்டது. விண்டோஸோடு சேர்த்து, பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றிருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கியது அது; டெபியன் லினக்ஸைத் தழுவியது; தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்க வல்லது. கணினியைப் போட்டவுடன் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்லிக் கொடுப்பார் அருகியே இருந்தனர். முதல் பழுதில் கடைக்குப் போனதும், புதிதாக நிறுவிய விண்டோஸ் அந்தக் கேள்வித் திரையையே அழித்துவிடும். பாஸ் இருந்த பகுதி வன்தட்டில் அப்படியே கிடந்தாலும் அதற்குச் செல்லும் வாசல் அடைபட்டுப் போகும். தமிழில் பேச வந்த கணினியை நாம் பேச விடவில்லை.

இன்று அதே வழி வேறு காரணத்தால் நமக்கு உதவுகிறது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடும் முடிவுற்றன. தனியாள் கணினிகளைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கோ 4 ஜி.பி. நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2 ஜி.பி. நினைவகத்தோடு வந்த பழைய திட்டக் கணினிகள் அந்த வாயிலில் நுழைய முடியாது. அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வழி உண்டு: டெபியன், லினக்ஸ் மின்ட் முதலியவற்றின் எளிய வகையொன்றை நிறுவலாம். விலை கிடையாது. டெபியனை நிறுவும்போதே தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். கடிதம் எழுதவும், இணையத்தில் திருப்பலி வாசகம் படிக்கவும், படம் பார்க்கவும் அது போதும்.

எழுத்துரு தரும் அதிர்ச்சி

எல்லாவற்றையும் முறையாகச் செய்து, கோப்புகளைக் காத்து, இயங்குதளத்தையும் புதிதாக நிறுவிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் கடிதத்தைத் திறக்கிறோம். திரையில் தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்றெண்ணி அழித்துவிடுவோர் உண்டு. அழிக்காதீர்கள்.

நடந்தது இதுதான். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில், கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்தே; அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. பாமினியில் "அம்மா" என்று எழுதினால், கணினி தன்னுள் வைத்துக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளை. விண்டோஸை மீண்டும் நிறுவியபோது, நாமாகச் சேர்த்திருந்த எழுத்துரு போய்விட்டது. அம்மா மறைந்து, ஐந்து குறிகள் எஞ்சின. அதே எழுத்துருவைத் திரும்பச் சேர்த்தால் அம்மா திரும்பி வருவாள். ஆகவே படியெடுக்கும்போது கடிதங்களோடு எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஆனாலும் அது தற்காலிகத் தீர்வே. தமிழுக்கென்று உலகம் ஒப்பிய தனியிடம் ஒருங்குறியில் உண்டு. 2010 ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதில் எழுதியவை எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே நிற்கும். எத்தனை முறை பார்மட் செய்தாலும் கவலையில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு நொடிப்பொழுதில் மாற்றித் தரும். மாற்றியபின் ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும், அவ்வளவே.

நம் நகரின் பெயரையே தாங்கிய முயற்சி ஒன்று இவ்வழியில் நடந்து காட்டியிருக்கிறது. சங்கம் வளர்த்த மதுரையை நினைந்து, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அது. பல நாடுகளில் உள்ள தமிழர்கள் ஊதியமின்றி உழைத்துப் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினர். தொடக்கத்தில் அக்காலத்து எழுத்துருக்களிலும் டிஸ்கி குறிமுறையிலும் அமைந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றினர். மாற்றாதிருந்தால் அந்நூல்கள் இன்று ஆங்கில எழுத்துக் குவியலாகவே கிடந்திருக்கும். சங்க நூல்களுக்கு வேண்டியிருந்த பாதுகாப்பு, நம் வீட்டுக் கடிதங்களுக்கு வேண்டாமா?

பங்கு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் தாளில் பத்திரமாக உள்ளன, அதில் குறையில்லை. ஆனால் அவற்றுக்கான பெயர்ப் பட்டியல், கல்லறைக் கணக்கு, குடும்ப அட்டைகள் முதலியன ஒரே கணினியில், பழைய எழுத்துருவில், டெஸ்க்டாப்பில் கிடப்பதுண்டு. ஆவணக் காப்பகப் பட்டியல்களை இரு படிகளாகச் செய்து, ஒன்றை அந்தந்த இடத்திலும் மற்றொன்றை மறைமாவட்டக் காப்பகத்திலும் வைக்குமாறு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 491 பணிக்கிறது. கணினி கொண்டு பணியாற்றும் நம் இளைஞர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஓரிரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டாம் படி ஆயத்தமாகிவிடும்.

கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழக அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மடிக்கணினி வீட்டுக்கு வரும் முதல் வாரத்திலேயே, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, 16 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் மீட்பு ஊடகத்தை ஆக்கச் சொல்லுங்கள். படங்களுக்கும் தாள்களுக்கும் தனியே ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மாதந்தோறும் சம்பள நாளன்று அதில் படியெடுக்க வேண்டும். படியெடுத்தபின் கணினியிலிருந்து கழற்றி வேறு அறையில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இடி இடிக்கும்போது, இரண்டும் ஒரே மின்செருகியில் இருக்க வேண்டாம்.